வெள்ளை மேலே, சிவப்பு கீழே

தன் கண்ணால் ஒருநாளும் பார்த்திராத ஒரு மலைநாட்டுக்காகச் சவரிநாதன் நாலு தடவை அடி வாங்கினார். முதல் மூன்று தடவையும் ரத்தம் வந்தது. நாலாவதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் எது வலித்தது என்று கேட்டால் அந்த நாலாவதைத்தான் சொல்வார். அதை அடித்தவர் அவருடைய மனைவி வியாகுலம்மாள்.

சவரிநாதன் திருச்சி மலைக்கோட்டையில் டூரிஸ்ட் கைடு. பாலக்கரையில் வீடு. சிறுவயதில் பாண்டிச்சேரியில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்ததால் பிரெஞ்சு சரளமாக வரும். ஆகவே மலைக்கோட்டைக்கு வரும் வெள்ளைக்காரர்களில் பிரெஞ்சுக்காரர்கள் எல்லாம் அவர் பங்கு. நானூற்றுச் சொச்சம் படிகளை நாளைக்கு இரண்டு தடவை ஏறி, குகைகளைக் காட்டி, உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, ‘அதோ காவிரி, அப்பால் கொள்ளிடம், நடுவில் தீவாகத் தெரிவது ஸ்ரீரங்கம், மொட்டையாக நிற்கிறதே அந்தக் கோபுரத்தை இப்போதுதான் மேலே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று சொல்லி முடிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கும். வந்தவர்களுக்கு வாங்காது.

அப்படி எழுபத்தொன்பதில் வந்த ஒரு பிரெஞ்சு அம்மாள், அறுபது வயது, அவருக்கு முன்னால் படியேறிப் போய், மேலே நின்று அவருக்காகக் காத்திருந்தாள். பிரான்சின் நடுவில் ஓவெர்ஞ் என்கிற மலைநாட்டில் பிறந்தவளாம். கிளம்பும்போது, ‘நீயும் நடந்து பழகு’ என்று ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் ஊர்ப்பக்கத்து நடைபாதைகளுக்கான வழிகாட்டி அது. எந்த ஊர்க் கோவிலுக்குப் பின்னால் பாதை தொடங்குகிறது, அங்கிருந்து பீச் என்கிற ஓங்கிய மரங்களின் காட்டுக்கு எத்தனை நிமிடம், எந்த வளைவில் அருவிச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும், எந்தப் புல்மேட்டில் மாட்டுமணி கேட்டால் கூடவே நாயும் இருக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அவிந்துபோன எரிமலையின் வாயில் தண்ணீர் நிறைந்து ஏரியாகி, காலையில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமுமாகக் கிடக்குமாம். பார்க்கத்தக்க காட்சி என்றால் ஒரு நட்சத்திரம். பார்க்காமல் போனால் பாவம் என்றால் இரண்டு.

சவரிநாதன் அந்தப் புத்தகத்தை ஜெபப்புத்தகத்தைவிட ஒழுங்காகப் படித்தார்.

“ஜெபமாலைக்கு உக்காந்தா அஞ்சாவது மணியில தூங்கி விழறீங்க. இதுக்கு மட்டும் எப்படித்தான் கண்ணு முழிச்சிக்கிட்டு இருக்குதோ” என்பார் வியாகுலம்மாள்.

“இன்னிக்கி ஏரியிலேர்ந்து கிளம்பி மேய்ச்சக்காரன் கல்வீடு வரைக்கும் வந்துட்டேன். ஒண்ணேகால் மணி நேரம்.”

“வந்துட்டீங்கள்ல, கையக் கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது.”

புத்தகத்தில் அவரை மயக்கிய விஷயம் ஏரியும் இல்லை, அருவியும் இல்லை. பெயிண்ட். அந்தப் பாதைகளில் பலகை கிடையாது. பாறையிலும் மரத்திலும் பட்டைதான் அடித்திருக்கும். வெள்ளை மேலே, சிவப்பு கீழே இருந்தால் சரியான பாதை. இரண்டும் பெருக்கல் குறியாகக் குறுக்கே விழுந்திருந்தால் தப்பு வழி, திரும்பு. பட்டைக்குக் கீழே அம்பு இருந்தால் அந்தப் பக்கம் போ. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்களே டப்பாவும் பிரஷ்ஷுமாகப் போய் இதை அடித்து வைக்கிறார்களாம். எவனோ ஒருவன் ஒரு கல்லில் இரண்டு கோடு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். முன்பின் தெரியாத இன்னொருவன் அதை நம்பிக் காட்டுக்குள் நடக்கிறான். சவரிநாதனை நம்பி அதுவரை யாரும் படியைத் தவிர எதிலும் ஏறியதில்லை. அவருக்கும் அப்படி ஒரு பாதை வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வெறும் பெருமைக்காகத்தான். ஊர்நன்மை என்ற எண்ணம் அப்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஊருக்குத் தெற்கே வழுக்குப்பாறை என்று ஒரு மொட்டைமலை. மலைக்கோட்டை உச்சியிலிருந்து பார்த்தால் எருமை படுத்திருப்பதுபோலத் தெரியும். மலைக்குப் பின்னால் முப்பது வீடுகள். அந்த ஜனங்கள் மலையின் தோளைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துதான் பஸ் பிடிக்க வேண்டும். எருமையின் ஒரு விலாவைக் கல்குவாரிக்காரர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். பழைய ஒற்றையடிப் பாதையில் பாதி ஏற்கெனவே பள்ளத்துக்குள் போய்விட்டது. தினம் மத்தியானம் ஒரு மணிக்கு வேட்டு வைப்பார்கள். கல் ஆகாயத்தில் பறக்கும். பள்ளத்தின் விளிம்பிலேயே கிளுவை முள்ளைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் போய் வந்தார்கள்.

சவரிநாதன் நாலு ஞாயிறு பூசை முடிந்து அங்கே போய், மலையின் மறுதோள் வழியாகச் சுற்றிப்போகும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். பாலக்கரையில் பெயிண்ட் கடை வைத்திருந்த ஹனீஃபா வெள்ளையும் சிவப்பும் ஒவ்வொரு டப்பா கொடுத்தார்.

“எதுக்கு சவரி, வீட்டுக்கா?”

“மலைக்கு பாய்.”

“மலைக்கா. ரெண்டு கோட்டிங் அடிப்பியா?”

பட்டைகள் ஏறின. ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களும் இரண்டு ஆறும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டார். இரண்டாகப் போட்டிருப்பார், பெயிண்ட் காணாது என்று விட்டார்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பட்டை அடிப்பவர்களுக்கு என்று சில விதிகள் இருந்தன. மூன்றாவது விதி: ‘அசையாததில் மட்டும் அடி. வேர்விட்ட மரம், மண்ணோடு ஒன்றான பாறை. புரளக்கூடிய கல்லில் ஒருபோதும் அடிக்காதே. கல் புரண்டால் உன் அடையாளம் பொய் சொல்லும்.’ இதை அவர் மனப்பாடமாகவே அறிவார். ஆனால் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், இடப்பக்கம் போனால் சுற்றுவழி, வலப்பக்கம் போனால் குவாரிப் பள்ளம் என்கிற அந்த முக்கியமான இடத்தில், ஒரு தனிக்கல் நின்றது. ஆள் உயரம். யாரோ இழைத்துவைத்த மாதிரி வழவழவென்ற முகம். இவ்வளவு நல்ல கல் ஓவெர்ஞ்சில்கூட இருக்குமா என்று தோன்றியது. இதை யார் வந்து தள்ளப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு, தன் வாழ்நாளின் மிக அழகான பட்டையை அதில் அடித்தார். கீழே நாலடி நீளத்துக்கு ஒரு வெள்ளை அம்பு, இடப்பக்கம் பார்த்து.

அம்பின் மூக்கைத் திருத்திக்கொண்டிருக்கும்போது குவாரி மேஸ்திரி சின்னையன் இரண்டு ஆட்களோடு வந்தான்.

“யோவ், என்ன இது? சர்வேயா?”

“சர்வே இல்லீங்க. நடைபாதை. பிரான்சுல ஓவெர்ஞ்னு ஒரு மலைநாடு…”

“எங்கே?”

“ஓவெர்ஞ்.”

கேலி செய்கிறான் என்று நினைத்துவிட்டான் சின்னையன். முதல் அறையில் சவரிநாதனின் உதடு கிழிந்தது. அத்தோடு வாயை மூடியிருந்தால் அத்தோடு போயிருக்கும். கைடு வேலை பார்த்த பழக்கம். ஆரம்பித்த விளக்கத்தைப் பாதியில் விட அவருக்குத் தெரியாது. எரிமலை அவிந்து ஏரியானது வரைக்கும் சொல்லிவிட்டால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பி மேலே தொடர்ந்தார். எரிமலைக்கு ஒரு உதை, ஏரிக்கு ஒரு உதை. மாட்டுமணிக்கு வருவதற்குள் ஒருவன் அவர் தலைமுடியைப் பிடித்து முகத்தைக் கல்லில் மோதினான். கடைசியில் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவை அப்படியே தலையில் கவிழ்த்து அனுப்பினார்கள்.

பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. தலையெல்லாம் வெள்ளை. மூக்கும் வாயும் ஒழுகிச் சட்டையெல்லாம் சிவப்பு. வெள்ளை மேலே, சிவப்பு கீழே. விதிப்படிதான் வீடு வந்து சேர்ந்தார்.

வியாகுலம்மாள் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் தலையைத் துடைத்துவிட்டார்.

“இப்ப நீங்களே ஒரு பட்டை மாதிரி இருக்கீங்க. உங்களப் பாத்துக்கிட்டே எவன் நடந்து வரப்போறான்?”

ஆனால் நடந்தார்கள். முதலில் நடந்தது அற்புதம்மாள். மலைக்குப் பின்னால் இருந்த முப்பது வீட்டில் ஒரு வீடு அவளுடையது. புத்தூரில் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. வேட்டுக்கல் விழுந்து இவள் ஆடு ஒன்று செத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது. விசாரித்துக்கொண்டு பாலக்கரைக்கே வந்துவிட்டாள்.

“அண்ணே, அந்தக் கோடு போட்டது நீங்கதானா? அதைப் பிடிச்சிக்கிட்டே போனா பத்து நிமிஷம் சுத்து. ஆனா தலைக்கு மேல கல்லு வரல. எங்க தெருவே இப்ப அந்த வழிதான்.”

சவரிநாதன் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவுவதுபோல அழுதுவிட்டு வந்தார். அன்றோடு பெருமை என்கிற விளையாட்டு முடிந்துபோயிற்று. முப்பது வீட்டு ஜனம் தன் பெயிண்டை நம்பிக் கால் வைக்கிறது என்ற நினைப்பு கனமாக உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

அற்புதம்மாளும் பெண்களும் கைநாட்டு வைத்த மனுவை அவர்தான் எழுதினார். அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்து, வேட்டுக்கு முன் விசில் ஊத வேண்டும், சிவப்புக்கொடி கட்ட வேண்டும், கோடு போட்ட பாதையை மறிக்கக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார். குவாரி காண்ட்ராக்டருக்கு இதற்குமேல் யார் யோசனையும் தேவைப்படவில்லை. மறுவாரம் சனிக்கிழமை சாயங்காலம், கடைத்தெரு நிறைய ஜனம் இருக்கும்போது, ஹனீஃபா கடைவாசலில் வைத்து மூன்று பேர் சைக்கிள் செயினால் சவரிநாதனை விளாசினார்கள். சின்னையன் அதில் இல்லை. இவர்கள் கூலிக்கு வந்தவர்கள். முதுகில் செயின் விழுந்த இடமெல்லாம் சதை வாய் திறந்தது. பெயிண்ட் கலக்கும் கட்டையோடு குறுக்கே பாய்ந்த ஹனீஃபா ஒருவன் பல்லைத் தட்டினார். பதிலுக்கு அவர் விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டது. கடைக் கண்ணாடி நொறுங்கி, பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் தெருவில் ஓடின. அதில் வழுக்கி விழுந்த ஒருவனை ஜனங்கள் மிதித்தார்கள். எந்தக் கட்சி என்று பார்த்து மிதித்ததாகத் தெரியவில்லை.

இருவரையும் ஒரே ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள். ஹனீஃபா மெல்ல மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டார்.

“சவரி, அந்த ஓவெர்ஞ்சுல பெயிண்ட் கடைக்காரனையும் சேத்து அடிப்பாங்களா? புத்தகத்துல பாத்துச் சொல்லு.”

அன்று ராத்திரி வியாகுலம்மாள் முதுகுக்கு மருந்து போட்டுக்கொண்டே ஒரு தீர்மானத்துக்கு வந்தார். மாதா கோவிலுக்கு எட்டு நிமிடம் நடப்பதே அவருக்கு அதிகம். அந்த மலைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்றிருந்தவர்.

“அற்புதம் சாமியார வச்சுப் புது வீடு மந்திரிக்கிறாளாம், தவக்காலத்துக்கு முந்தின செவ்வாக்கிழமை. வரச்சொல்லிருக்கா. நான் தனியா அந்த வழியிலதான் நடந்து போகப்போறேன். எவன் தடுக்கிறான்னு பாக்கிறேன்.”

“நான் கூட வரேன்.”

“நீங்க வந்தா அடி விழும். பேசாம இருங்க. வெள்ளை மேல, சிவப்பு கீழ. பெருக்கல் போட்டிருந்தா திரும்பு. அம்பு பாக்கிற பக்கம் போ. ஞானோபதேசம் மாதிரி ஒப்பிச்சாச்சு, போதுமா?”

அந்தச் செவ்வாய்க்கிழமை, எண்பத்திரண்டு பிப்ரவரி. மறுநாளிலிருந்து நாற்பது நாள் கவிச்சி கிடையாது என்பதால் வியாகுலம்மாள் விடியற்காலையிலேயே ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, நாலடுக்கு டிபன் கேரியரில் அடைத்து, பன்னிரண்டு மணி பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லியிருந்தார். சவரிநாதனுக்கு அன்று ஒரு பிரெஞ்சுத் தம்பதி. பன்னிரண்டடித்து ஐந்து நிமிடம் இருக்கும், மூவரும் மலைக்கோட்டை உச்சியில் நின்றார்கள். கணவன் கழுத்தில் பெரிய பைனாகுலர். ஓவெர்ஞ் பற்றிச் சவரிநாதன் சொல்லச் சொல்ல அவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த ஜோரில், ‘எங்கள் ஊரிலும் ஒரு பாதை இருக்கிறது, நான் அடித்ததுதான்’ என்று சொல்லிவிட்டு, காட்டுவதற்காகப் பைனாகுலரை வாங்கித் தெற்கே திருப்பினார்.

எருமை தெரிந்தது. தோள் தெரிந்தது. பாதை பிரியும் இடத்தில் கல் இல்லை.

பைனாகுலரின் திருகாணியைத் திருகிப் பார்த்தார். கல் இருந்த இடத்தில் பச்சை மண், லாரிச் சக்கரத் தடம். நாலைந்து ஆள் தூரம் தள்ளி, பள்ளத்தின் விளிம்பில், வெள்ளையும் சிவப்புமாக அவருடைய கல் நின்றது. நாலடி அம்பும் நின்றது. பள்ளத்தைப் பார்த்து.

பைனாகுலரை யார் கையில் கொடுத்தார் என்று அவருக்கு நினைவில்லை. பின்னாலிருந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டார்கள். பிரெஞ்சில் கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் போனது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. நானூற்றுச் சொச்சம் படியை எப்படி இறங்கினாரோ, நடுவில் ஒரு பூக்காரியின் கூடையைத் தட்டிவிட்டார், இன்னொரு இடத்தில் முழங்கால் தேய உருண்டார். ஹனீஃபா கடை வாசலில் நின்ற டிவிஎஸ் ஃபிப்டியை, “பாய், வண்டி” என்ற இரண்டே வார்த்தையில் எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணிக்கு வேட்டு. பன்னிரண்டே முக்காலுக்கு வியாகுலம் அந்த இடத்துக்கு வந்திருப்பாள். தப்பு வழியில் போகிறோம் என்று தெரியாமல், புருஷன் போட்ட அம்பை நம்பி, கேரியரைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்குவாள். வழியெல்லாம் அவர் தலைக்குள் ஓடியது மூன்றாவது விதி ஒன்றுதான்.

லாரிப் பாதை வழியாகவே நேரே பள்ளத்துக்குள் வண்டியை விட்டார். சிவப்புக்கொடி பறந்தது. விசில் ஊதியாகிவிட்டது. வேலையாட்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டார்கள். பாறைச் சுவரில் வரிசையாக வெடிமருந்து அடைத்த துளைகளிலிருந்து திரிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மூலைக்கு மூலை வீட்டுயரம் கல்குவியல். எந்தக் குவியலுக்குப் பின்னால் அவள் நிற்கிறாளோ.

“வியாகுலம். ஏ வியாகுலம்.”

கல்யாணமாகி இருபது வருஷத்தில் வெளியிடத்தில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பள்ளம் அந்தப் பேரை நாலு தடவை திருப்பிச் சொல்லியது.

“யோவ் கைடு, செத்துப்போவே. வெளிய போய்யா” என்று சின்னையன் கடப்பாரையோடு ஓடிவந்தான்.

“என் பொண்டாட்டி உள்ள இருக்கா.”

“இங்க ஒருத்தியும் வரல. திரி வைக்கப்போறான், போய்யா.”

சவரிநாதன் போகவில்லை. சுவரிடம் ஓடித் திரிகளைக் கைக்கு வந்தபடி பிடுங்க ஆரம்பித்தார். பின்னால் ஓடிவந்த இரண்டு ஆட்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் விடவில்லை. ஒருவன் சம்மட்டிப் பிடியால் அவர் இடது முன்கையில் ஓங்கிப் போட்டான். முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் அவருக்கே கேட்டது. வலது கையால் இன்னொரு திரியைப் பிடுங்கினார். முகத்தில் குத்து விழுந்தது. வாய்க்குள் ஒரு பல் தனியாக வந்து உருண்டது. சின்னையன் அவர் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு நெரித்து இழுத்தபோது, அந்தக் கையைக் கடித்தார். விட்டுவிடும் கடி இல்லை. உப்புக் கரிக்கும்வரை, எலும்பு தட்டுப்படும்வரை கடித்தார். படியில் முடியாமல் நிற்கும் கிழவிகளுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிற மனுஷன். தான் அப்படிக் கடிப்பார் என்று அவருக்கே தெரியாது.

அந்த நேரத்தில் பள்ளத்தின் கோடியில் இருந்த ஆளுக்கு இந்தச் சண்டை தெரியவில்லை. அவன் தன் பங்குத் திரிகளுக்கு நெருப்பு வைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தான்.

சின்னையன் புகையைப் பார்த்தான். ஆட்கள் இரண்டு பேரும் விட்டுவிட்டு ஓடினார்கள். சின்னையன் ஓடவில்லை. கையில் பற்கள் பதிந்து ரத்தம் கொட்ட, ஒரு கெட்டவார்த்தை சொல்லிக்கொண்டு, சவரிநாதனின் இரண்டு காலையும் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய் அங்கே நின்ற லாரிக்கு அடியில் திணித்து, தானும் மேலே விழுந்தான்.

வேட்டு வெடித்தது. பூமி ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தது. லாரியின் மேல் கல்மழை பெய்தது. டயர் ஒன்று வெடித்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூசி அடங்கும்போது, உயிரோடிருப்பதை நம்ப முடியாமல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சின்னையன் முதலில் வெளியே வந்து, குனிந்து, சவரிநாதனின் காலைப் பிடித்து வெளியே இழுத்தான்.

மேலே விளிம்பிலிருந்து பார்த்துக்கொண்டு ஓடிவந்த வியாகுலம்மாளுக்கு அதுதான் தெரிந்தது. வாயெல்லாம் ரத்தமாகப் புருஷன் கிடக்கிறார். அவரை அடித்துப் பழக்கப்பட்ட மேஸ்திரி காலைப் பிடித்து இழுக்கிறான். எட்டு நிமிடத்துக்கு மேல் நடக்க முடியாதவர் அந்தச் சரிவை எப்படி இறங்கினாரோ. நாலடுக்கு கேரியரை இரண்டு கையாலும் சுழற்றிச் சின்னையன் தலையில் போட்டார். ஒரு தடவை இல்லை. முதல் அடியில் அவன் மண்டியிட்டான். இரண்டாவதில் தாடை இடம் மாறியது. மூன்றாவதில் கேரியர் திறந்துகொண்டு கறிக்குழம்பு அவன் தலைவழியே ஒழுகியது. அதில் எது குழம்பு, எது ரத்தம் என்று தெரியவில்லை.

“இவன்தான்… இவன்தான் என்னைக் காப்பாத்தினான்” என்று சொல்ல முயன்றார் சவரிநாதன். பல் போன வாயில் அது வேறு என்னவோ மாதிரி வந்தது. அதைக் கேட்டு நாலாவதையும் போட்டார் வியாகுலம்மாள்.

*

புத்தூர் ஆஸ்பத்திரியில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். ஒருவருக்குக் கையில் மாவுக்கட்டு. இன்னொருவனுக்குத் தலையில் பதினாலு தையல், தாடையில் கம்பி. அற்புதம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்தே பெட்ஷீட் மாற்றினாள். எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரர், டிபன் கேரியரை என்ன ஆயுதம் என்று எழுதுவது என்று தெரியாமல் பாதியில் எழுந்து போனார். சின்னையனும் புகார் ஒன்றும் இல்லை என்று சைகை காட்டினான்.

நடந்ததைத் தெரிந்துகொண்ட மறுநாள் முதல், வியாகுலம்மாள் சின்னையனுக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தார். அதே கேரியரில். ஒடுக்கு விழுந்த அந்தப் பாத்திரம் வாசலில் தெரியும்போதெல்லாம் அவன் கை தானாகத் தலைக்குப் போகும்.

நாலாம் நாள் அவனுக்குப் பேச்சு வந்தது.

“கைடு சார், அந்தக் கல்லத் தள்ளினது நான்தான். வேணும்னு இல்ல. லாரி திரும்ப எடம் பத்தல. கடப்பாரை போட்டு நெம்பினோம். குட்டிக்கரணம் அடிச்சிப் போயி விளிம்புல நின்னுக்கிச்சு. அம்பு எங்க பாக்குதுன்னு யாரு பாத்தா.”

“அது எங்கே பார்த்தா என்ன?” என்றார் வியாகுலம்மாள். “நான் ஏமாறல. வந்து பாக்கிறேன், சிவப்பு மேல இருக்கு, வெள்ளை கீழ இருக்கு. இந்த மனுஷன் தூக்கத்துலகூட அப்படி அடிக்க மாட்டாரு. அப்ப கல்லு தலைகீழா நிக்குது, அம்பு காட்டுறது பொய்யின்னு ஒரு புளியமரத்தடியில உக்காந்துட்டேன். அற்புதம் வந்து கூட்டிட்டுப் போவட்டும்னு. அப்புறம் என் பேரு கேட்டுத்தான் விளிம்புக்கு ஓடியாந்தேன்.”

சவரிநாதன் கண்ணை மூடிக்கொண்டார். சிவப்பு மேலே. உச்சியிலிருந்து பார்த்த அவருக்கு அது கண்ணில் படவே இல்லை. நாள்தோறும் பாடம் நடத்திய அவருக்குத் தெரியாதது, சோறு ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டே கேட்ட அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“ஆனாலும் உனக்குப் புத்தி வேணாமாப்பா?” என்று சின்னையன் பக்கம் திரும்பினார் வியாகுலம்மாள். “எனக்கு முன்னாடி ஒரு புதுப்பொண்ணு வந்திருந்தா? புள்ளையத் தூக்கிக்கிட்டு ஒருத்தி வந்திருந்தா?”

தாடைக் கம்பியோடு சின்னையன் தலைகுனிந்தான். அதைப் பார்க்கச் சவரிநாதனால் முடியவில்லை. சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஆள் அந்த வார்டில் வேறு யாரும் இல்லை.

“அவனைத் திட்டாத. தப்பு என் பேர்ல.” தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தை விரித்து, மூன்றாவது விதியைத் தமிழில் சொன்னார். “புரளக்கூடிய கல்லில் ஒருபோதும் அடிக்காதே.”

“இது முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் அதுல அடிச்சீங்க?”

“அந்தக் கல்லு அழகா இருந்துச்சு.”

வியாகுலம்மாள் கேரியரைக் கீழே வைத்தார். அது வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும். வெறுங்கையால் கன்னத்தில் ஒரு அறை விட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அறைந்த கையை மடியில் வைத்து, மற்ற கையால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“அண்ணி, பேஷண்ட்டை வார்டுக்குள்ள அடிக்கக் கூடாது” என்றாள் அற்புதம்மாள், பெட்பேனோடு அந்தப் பக்கம் போகும்போது. “வராந்தாவுல வச்சு அடிங்க.”

ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மாவுக்கட்டு பிரிக்காத கையோடு சவரிநாதன் வழுக்குப்பாறைக்குப் போனார். பெயிண்ட் டப்பாக்களை வியாகுலம்மாள்தான் தூக்கி வந்தார். ஒவ்வொரு கல்லாக நின்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் தோளாலும் முட்டி முட்டித் தள்ளிப் பார்த்தார். இம்மி அசைந்தாலும் அது வேண்டாம் என்றுவிட்டார். பாதை பிரியும் இடத்தில் தரையோடு தரையாக, கறுத்து, சொறிசொறியாக, பார்க்கச் சகிக்காத ஒரு பாறை கிடந்தது. அது அசையவில்லை. பிரஷ்ஷை வியாகுலம்மாளே வாங்கி அதில் பட்டையும், கீழே ஒரு அம்பும் அடித்தார். வெள்ளை மேலே, சிவப்பு கீழே. இரண்டும் கோணலாகப் போய் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

கோடு நேராக வர ஒரு வழி இருக்கிறது என்று சொல்லச் சவரிநாதன் வாயைத் திறந்தார். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டு, அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தார்.